மீனென்றும் சிலந்தியென்றும் மயங்கிய கடற்றேள்கள்

உயிருள்ள பிராணி ஒன்றை இன்னதென்று கூறுதல் அரிதன்று. அதன் நடையையும் இரையையும், அது முட்டையிடுவதா குட்டி ஈனுவதா என்பதையும் நேரிற் கண்டு ஐயந் தீர்த்துக்கொள்ளலாம். வௌவால் பறப்பதைக் கண்டு அதனைப் பறவையென்று மயங்கும் சிறுவனும், அது தன் குட்டிக்குப் பாலூட்டுவதென்று அறிந்தவுடன் தெளிவடைகிறான். ஆனால், உலகிலிருந்து அடியோடு மறைந்துபோய், பாறையிற் பதிந்த சுவடொன்றையே விட்டுச்சென்ற பிராணியை எவ்வாறு இனங்காண்பது? அதன் சுற்றத்தார் யாவர், முன்னோர் யாவர் என்று எதனைக் கொண்டு துணிவது? அங்கு உடலமைப்பு ஒன்றே சாட்சி. அச்சாட்சியோ பல வேளைகளில் அரைகுறையாகவே பேசும். கேட்பவரை ஏமாற்றவுஞ் செய்யும்.

இதனை விளங்கிக்கொள்வதற்குக் கடற்றேள்களின் வரலாற்றைப் போல் நல்லதொரு பாடம் வேறில்லை எனலாம். கடற்றேள்கள் என நாம் ஈண்டுக் கூறுவன, தேளும் நண்டும் இறாலும் சிலந்தியும் அடங்கும் கணுக்காலிகள் என்னும் பெருங்கூட்டத்தைச் சேர்ந்த பழைய நீர்வாழ் பிராணிகளாம். இற்றைக்கு ஏறத்தாழ 46 கோடி 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில் அவற்றின் மிகப் பழைய சுவடுகள் கிடைத்துள்ளன. ஏறத்தாழ 25 கோடி 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அவை முற்றாக மறைந்தன. இதுவரை 250 இனங்கள் வரையில் அறியப்பட்டுள்ளன. உள்ளங்கையில் அடங்கத்தக்கனவும் அவற்றுள் உள. ஆளினும் நெடியனவும் உள. விலங்கியலார் இவை யாவற்றையும் யூரிப்தெரிடா என்னும் ஒரே வருணத்துள் அடக்குவர்.

இன்று இத்துணைத் தெளிவாகக் கூறுகிறோம். ஆயின், இவற்றைக் கண்ட அறிஞர்கள் ஒரு காலத்தில் இவற்றை மீன் என்றனர். ஒருவர் மிதக்கும் நுண்ணுயிர்களின் கூட்டம் என்றார். இன்னொருவர் சிலந்தி என்றார். அவர்கள் கல்வியிற் குறைந்தவர்களும் அல்லர். கவனத்திற் குறைந்தவர்களும் அல்லர். எந்த உறுப்பைக் கொண்டு உறவைத் துணிவது என்ற கேள்வியிலேயே அவர்கள் இடறினர்.

மீசை கொண்ட மீன்

1818ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே, நியூயோர்க் மாநிலத்திற் கிடைத்த சுவடொன்றை சாமுவேல் மிச்சில் என்னும் வைத்தியர் ஆராய்ந்தார். அவர் இயற்கை நூலிலும் வல்லவர். நியூயோர்க் நீர்நிலைகளின் மீன்களைப் பற்றி விரிவாக எழுதியவர். கல்லிலே அகன்ற தலையும், தலையின் இரு மருங்கிலும் நீண்ட இழைகள் போன்ற உறுப்புகளும், பின்னோக்கி ஒடுங்கிய உடலும் பதிந்திருந்தன. மீனையே நாடோறும் ஆராய்ந்த கண்களுக்கு அது கெளிற்று மீனாகவே தோன்றிற்று. தலைப்புறத்து உறுப்புகளை அவர் மீனின் மீசையென்று கொண்டார் போலும்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1825இல், ஜேம்ஸ் டீகே என்பவர் அதே சுவட்டை மீண்டும் ஆராய்ந்தார். மீசையென எண்ணப்பட்டவை கணுக்களாற் பகுக்கப்பட்டிருத்தலை அவர் கண்டார். மீனின் மீசைக்குக் கணு இல்லை. கணு உள்ளது காலுக்கே. ஆகவே இது மீனன்று, கணுக்காலி என அவர் துணிந்தார். கடைசிக் காலிணை துடுப்புப்போல் அகன்றிருந்தமையால், அகன்ற சிறகு என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு யூரிப்தெரஸ் எனச் சாதிப் பெயரும், துடுப்புக்கால் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் ரெமிப்பெஸ் என இனப் பெயரும் சூட்டினார். அப்பெயர் இன்றும் நிலைத்துள்ளது. 1984ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலம் அவ்வினத்தையே தன் மாநில உயிர்ச்சுவடாக ஏற்றுக்கொண்டது. ஒரு காலத்திற் பெயரறியாது மீனெனப்பட்டதற்கு இது பெரியதொரு மரியாதையன்றோ!

டீகே பாதி வழியே சென்றார் என்றுஞ் சொல்லவேண்டும். கணுக்காலி என்று கண்டவர், அதனை நண்டு, இறால் முதலியவற்றின் கூட்டத்திலே சேர்த்துவிட்டார். அது ஏன் பொருந்தாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கல்லுடைப்போர் கண்ட தேவதூதர்

ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்கொத்லாந்திலும் ஒரு புதுமை நிகழ்ந்தது. அங்குள்ள பழைய கற்குழிகளில் வேலை செய்த தொழிலாளர், பிறைவடிவான செதில்கள் நிரை நிரையாய்ப் பொறிக்கப்பட்ட தட்டைத் துண்டுகளைக் கண்டெடுத்தனர். இறகுகள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கிய சிறகு போல அவை தோன்றியமையால், தம் சமயத்துத் தேவதூதர்களின் பெயரால் அவற்றைச் செராபிம் என அழைத்தனர். சுவிற்சர்லாந்திற் பிறந்த பேரறிஞர் லூயி அகாசி 1839இல் அவற்றுக்குத் தெரிகோட்டஸ், அதாவது சிறகுடையது, எனப் பெயரிட்டார். அவர் உலகப் புகழ் பெற்ற மீன் ஆராய்ச்சியாளர்; ஆகவே செதிலைக் கண்டதும் பெரியதொரு மீனென்றே கொண்டார். இன்னும் நிறைவான சுவடுகள் கிடைத்தபின், 1844இல், அது கணுக்காலியின் ஓடென்பதை அவரே உணர்ந்து வெளியிட்டார்.

இரு நாடுகளில் இரு பெரியோர் ஒரே வகை மயக்கத்திற்கு ஆளாயினர் என்பதைக் கவனிக்க வேண்டும். செதில் போன்ற கோலம் மீனுக்கும் உண்டு, பாம்புக்கும் உண்டு, சில கணுக்காலிகளின் ஓட்டுக்கும் உண்டு. மேற்புறக் கோலம் ஒன்றைக் கொண்டு உறவு கூறுதல், உடுத்த ஆடையைக் கொண்டு ஒருவரின் தாய் தந்தையரைக் கூறுவது போன்றது.

இன்னொரு மயக்கம் இதனினும் விசித்திரமானது. 1874இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், முட்கள் நிறைந்த சில துண்டுகள் கிடைத்தன. அக்காலக் கடல்களில் நுண்ணுயிர்கள் கூட்டமாக வாழ்ந்து கட்டிய, அரம் போன்ற பல்வரிசையுள்ள கூடுகள் பல உண்டு. அவை கிராப்டோலைட் எனப்படும். சாமுவேல் ஏ. மில்லர் என்பார் கிடைத்த முட்டுண்டுகளை அத்தகைய பெரிய கூடொன்று எனக் கருதி, மெகலோகிராப்டஸ் எனப் பெயரிட்டார். அவை கடற்றேளின் முட்கால்களென 1908இலேயே தெளிவாயிற்று. விலங்குகளுக்குப் பெயரிடும் விதிப்படி முதலில் இட்ட பெயரே நிற்கும். எனவே அக்கடற்றேள் தான் அல்லாத ஒன்றின் பெயரை இன்றளவும் சுமந்துகொண்டிருக்கிறது.

உடலின் பொதுவமைப்பு

இனி, கடற்றேளின் உடலை ஒழுங்காக நோக்குவோம். அது மூன்று பகுதிகளாலானது. முன்னே தலையும் நெஞ்சும் ஒன்றாய் இணைந்த பகுதி. அதனை ஒரே ஓடு மூடியிருக்கும். அதன் பின்னே பன்னிரண்டு துண்டங்களாலான வயிற்றுப் பகுதி. முன் ஏழு துண்டங்கள் அகன்றும் பின் ஐந்து துண்டங்கள் ஒடுங்கியும் இருக்கும். ஈற்றில் வால்முள்.

ஓட்டின்மேல் இரண்டு பெரிய கூட்டுக்கண்களும், அவற்றின் நடுவே இரண்டு சிறுகண்களும் உண்டு. ஓட்டின் கீழே ஆறிணை உறுப்புகள். முதலாம் இணை வாயின் முன்னுள்ள இடுக்கி. இரண்டு முதல் ஐந்து வரையுள்ள இணைகள் நடக்கவும் இரையைப் பற்றவும் உதவும் கால்கள். ஆறாம் இணை சிலவற்றில் நடக்கும் காலாகவும் பலவற்றில் நீந்தும் துடுப்பாகவும் அமைந்தது. வாய் அடிப்புறத்திற் கால்களின் நடுவே உள்ளது. கால்களின் அடிப்பாகங்கள் பற்களுடையனவாய் இரையை அரைத்து வாய்க்குத் தள்ளின. சுருங்கக் கூறின், இப்பிராணி கால்களாலேயே மென்று தின்றது!

இங்கே இல்லாத ஓர் உறுப்பையும் கவனிக்கவேண்டும். இறாலுக்கும் நண்டுக்கும் இரண்டு இணை உணர்கொம்புகள் உண்டு. பூச்சிகளுக்கு ஓரிணை உண்டு. கடற்றேளுக்கு ஒன்றுமே இல்லை. உணர்கொம்பின்றி, முதலிணை உறுப்பு இடுக்கியாய் அமைதல் தேள், சிலந்தி, குதிரைலாட நண்டு ஆகியவற்றின் குறி. டீகே இவற்றை நண்டுக் கூட்டத்திற் சேர்த்தது பொருந்தாது என்றோமே, அதற்குக் காரணம் இதுவே. பெயரில் மட்டும் நண்டாகிய குதிரைலாட நண்டு உண்மையிற் சிலந்தியின் சுற்றமே என்பதை 1881இல் ரே லங்கெஸ்டர் என்னும் ஆங்கில விலங்கியலார் வலியுறுத்தினார். கடற்றேளும் அச்சுற்றத்தினுள்ளேயே இடம் பெறுவதாயிற்று. இருக்கும் உறுப்பைப் போலவே இல்லாத உறுப்பும் சான்று பகரும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

காலைக் கொண்டு பிரித்தல்

கடற்றேள் வருணத்தை அறிஞர் இரண்டு உபவருணங்களாகப் பிரிப்பர். அப்பிரிவின் அடிப்படை ஆறாம் காலிணை. அது துடுப்பாயின் யூரிப்தெரினா. நடக்கும் காலாயின் ஸ்டைலோனூரினா. முதற்பிரிவினவே தொகையில் மிகுதியானவை.

யூரிப்தெரஸ் சாதியை முதற்பிரிவின் மாதிரியாகக் கொள்ளலாம். கிடைத்துள்ள கடற்றேட் சுவடுகளுட் பெரும்பகுதி இச்சாதியைச் சேர்ந்தவை. ஓடு ஏறத்தாழ நாற்சதுரம். கண்கள் அவரைவிதை வடிவில், ஓட்டின் விளிம்பிலன்றி உள்ளே தள்ளி அமைந்தவை. இடுக்கி மிகச் சிறியது. வால்முள் ஈட்டிபோல் நீண்டு கூரியது.

தெரிகோட்டஸ் குடும்பத்தினவோ வேறு தோற்றமுடையன. கண்கள் ஓட்டின் விளிம்பிலேயே அமைந்தவை. வால் ஈட்டியாகாது தட்டையாய் அகன்றது. எல்லாவற்றினும் மேலாக, முதலிணை இடுக்கி கைபோல் நீண்டு பற்கள் நிறைந்தது. இக்குடும்பத்துச் சாதிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதற்கும் இடுக்கியின் பற்களும் வாலின் வடிவும் பெரிதும் பயன்படுகின்றன. அக்கியூட்டிராமஸ் என்பதன் பெரும்பல் சாய்ந்து நிற்கும். எரெட்டொப்தெரஸ் என்பதன் வால் இரண்டாய்ப் பிளந்திருக்கும். ஜேர்மனியில் வில்வெராத் என்னும் இடத்திற் கிடைத்த யேக்கெலொப்தெரஸின் இடுக்கியொன்று, முழுமையாயிருந்த காலத்தில் ஏறத்தாழ 46 சென்ரிமீற்றர் நீளம் இருந்திருக்கும் என்று 2007இல் அறிவிக்கப்பட்டது. அதனையுடைய பிராணி இரண்டரை மீற்றர் வரை வளர்ந்திருக்கும் எனக் கணித்தனர். உலகில் வாழ்ந்த கணுக்காலிகளுள் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று.

மிக்ஸொப்தெரஸ் என்னும் சாதியில் இடுக்கி சிறியதே. ஆனால் முன்கால்கள் நீண்ட முட்களுடன் கூடைபோல் அமைந்து இரையைச் சிறைப்பிடித்தன. வாலும் வளைந்து தேளின் கொடுக்கை ஒத்தது. நோர்வே நாட்டுச் சுவடுகளைக் கொண்டு லெயிஃப் ஸ்டேர்மர் 1934இல் இதனை நன்கு விளக்கினார். இதன் உறவான தெரொப்தெரஸ் என்பது சீனாவிற் கிடைத்ததென 2021இல் வெளியாயிற்று.

மற்றைப் பிரிவாகிய ஸ்டைலோனூரினாவில், மெலிந்து நீண்ட கால்களுடன் சிலந்திபோல் நடந்தனவும் உள. ஹிபெர்டொப்தெரஸ் போல் தடித்த உடலை இழுத்துச் சென்றனவும் உள. பின்னையது சீப்புப் போன்ற உறுப்புகளாற் சேற்றை வாரிச் சிற்றுயிர்களைத் தின்றது. ஸ்கொத்லாந்தில் அது நடந்த தடமொன்று பாறையிற் கிடைத்தது. 2005இல் அதனை விவரித்தனர். ஆறு மீற்றர் நீளமும் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலமும் கொண்ட அத்தடத்தில், கால்கள் ஊன்றிய குழிகளோடு நடுவே வால் இழுபட்ட கோடும் காணப்பட்டது. 1.6 மீற்றர் நீளமான பிராணி தள்ளாடித் தள்ளாடி நடந்து சென்றதை, 33 கோடி ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பாறை நமக்குச் சொல்லுகின்றது.

வியப்பான உறுப்பும் உறவும்

இவ்வளவு வேறுபாடுகள் கண்ணெதிரே இருக்கையில், எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதே வகைப்படுத்துவோரின் பெருங்கவலை. தெரிகோட்டஸ் குடும்பத்தின் பேரிடுக்கி பார்த்தோர் எவரையும் வியக்கவைப்பது. ஆகவே 1960களில் அக்குடும்பத்தைத் தனி உபவருணமாகவே ஒதுக்கினர். அவ்வாறே, ஹிபெர்டொப்தெரஸ் முதலியவற்றின் விசித்திர உருவைக் கண்டு, 1968இல் அவற்றை வேறொரு வருணமாகவே பிரித்தனர்.

பிற்காலத்தவர் பல உறுப்புகளையும் ஒருங்கே ஒப்பிட்டபோது இந்த எல்லைகள் நிலைக்கவில்லை. பேரிடுக்கியுள்ள தெரிகோட்டஸ் குடும்பத்திற்கு மிக நெருங்கிய உறவு, சிறிய இடுக்கியுள்ள ஸ்லிமோனியா என்று கண்டனர். அதற்கும் விளிம்பிலமைந்த கண்களும் தட்டையாய் விரிந்த வாலும் உண்டு. இடுக்கி, அக்குடும்பம் பிரிந்தபின் தனக்கெனத் தேடிக்கொண்ட புதுப்பொருள். கண்ணும் வாலும் முன்னோரிடமிருந்து இருவரும் பெற்ற பொதுச்சொத்து. ஹிபெர்டொப்தெரஸ் கூட்டமும் மீண்டும் ஸ்டைலோனூரினாவினுள்ளேயே வந்து சேர்ந்தது.

நாம் மாணவர்க்கு விலங்கியல் கற்பிக்குங்கால் அடிக்கடி வற்புறுத்துவது இதனையே. ஒரு பிராணிக்கு மாத்திரம் உரிய வியப்பான உறுப்பு, அது எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்லும். யாருக்கு உறவு என்பதைச் சொல்லாது. உறவைச் சொல்வன, பலவும் பங்கிட்டுக்கொண்ட குறிகளே. அவையோ பெரும்பாலும் கண்ணைக் கவராதவை. காலின் ஒரு கணு, வாயின் பின்னுள்ள ஒரு சிறு தகடு, ஓட்டின் விளிம்பிலுள்ள ஒரு வரை ஆகிய எளிய பொருள்களிலேதான் குலமுறை எழுதப்பட்டுள்ளது.

உறவு ஒன்றாயினும் வாழ்வு ஒன்றாகாது என்பதற்கும் இக்குடும்பமே சான்று. தெரிகோட்டஸ் குடும்பம் முழுவதுமே கொடிய வேட்டைப் பிராணிகள் எனக் கருதிய காலம் உண்டு. 2014இல் அக்கியூட்டிராமஸின் கூட்டுக்கண்களை ஆராய்ந்தோர், அதன் பார்வை கூர்மையற்றதெனக் கண்டனர். அதன் உறவான யேக்கெலொப்தெரஸின் பார்வையோ கூரியது. இரண்டும் இடுக்கியுடையனவே; ஆயின் ஒன்று விரைந்தோடும் இரையைத் துரத்தியது, மற்றையது மென்மையான இரையை மங்கிய ஒளியிற் பற்றியது எனக் கருதப்படுகிறது.

ஆணும் பெண்ணும், இளையதும் முதியதும்

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் தோற்றத்தில் வேறுபடலாம். கடற்றேளின் வயிற்றின் கீழே, நடுவில், இனப்பெருக்கத்திற்குரிய தண்டு போன்ற உறுப்பொன்று உண்டு. சில சுவடுகளில் அது நீண்டும், வேறு சிலவற்றிற் குறுகியும் காணப்படும். மற்றெல்லா உறுப்புகளும் ஒத்திருந்து, இரு வகையும் ஒரே பாறையிற் கிடைக்குமாயின், அவை இரண்டு இனங்கள் அல்ல. ஓரினத்தின் ஆணும் பெண்ணுமே. நீண்ட உறுப்புடையது பெண் என்பது பெரும்பான்மையோர் கருத்து.

வயதும் மயக்கும். கணுக்காலிகள் ஓட்டைக் கழற்றிக் கழற்றியே வளர்வன. கிடைக்குஞ் சுவடுகளிற் பல, இறந்த பிராணியின் உடல் அல்ல. வளருங்கால் அது கழற்றிவிட்டுச் சென்ற சட்டை. ஆகவே ஒரே பிராணி தன் வாழ்நாளிற் பல சுவடுகளை விட்டுச்செல்லக்கூடும். இளமையில் ஓர் உருவும் முதுமையில் வேறோர் உருவுமாயின், அவற்றைத் தனித்தனி இனங்களாக எண்ணிவிடுதல் எளிது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்திற் கிடைத்து 2015இல் விவரிக்கப்பட்ட பென்டெகொப்தெரஸில் இளையனவும் முதியனவுமாகப் பல சுவடுகள் ஒருங்கே கிடைத்தமையால், வளர வளரக் கால்களின் அமைப்பு மாறியமையை அறிய முடிந்தது. இதுவே இதுவரை அறிந்தவற்றுள் மிகப் பழைய கடற்றேள், 1.7 மீற்றர் வரை வளர்ந்தது. மிகப் பழையதாயினும் அது எளிய அமைப்புடையதன்று. ஆகவே கடற்றேள்களின் தோற்றம் அதற்கும் முற்பட்டதாதல் வேண்டும் என்று அறிஞர் கருதுகின்றனர்.

நல்ல சுவடு கிடைப்பது ஒரு பேறு. அதனை நன்கு பார்க்கும் முறையைக் கண்டுபிடிப்பது அதனினும் பெரும்பேறு. சுவீடன் நாட்டவரான கெர்ஹார்ட் ஹோல்ம், எஸ்தோனியாவின் சாரேமா தீவிலிருந்து வந்த பாறைகளை அமிலத்திற் கரைத்து, கரையாது எஞ்சிய ஓட்டை அப்படியே பிரித்தெடுத்தார். 40 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வோடு, நேற்றுக் கழற்றிய ஓடு போல ஒளி ஊடுருவத்தக்கதாய் இருந்தது. அதனை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, கால்களின் மயிர்கள் வரை வரைந்து, 1898இல் வெளியிட்டார். பின்வந்தோர் யூரிப்தெரஸின் உடலமைப்பை ஐயமின்றிக் கூறுவதற்கு அவரது பொறுமையே அடிப்படை.

பெரிய சிலந்தியின் கதை

இவ்வரலாற்றில் நம் மனத்தை மிகவும் தொடுவது ஆர்ஜென்ரீனாவில் நிகழ்ந்ததே. அந்நாட்டின் சான் லூயிஸ் பகுதியிற் கிடைத்த சுவடொன்றை 1980இல் மாரியோ ஊனிக்கென் என்னும் பேராசிரியர் விவரித்தார். வட்டமான உடலும் நீண்ட கால்களும் கொண்ட அதனை அவர் சிலந்தி எனக் கொண்டு, பெரிய சிலந்தி என்று பொருள்படும் மெகராக்னே என்ற பெயரை இட்டார். காலை விரித்தால் அரை மீற்றர் அகலம்! உலகிற் பிறந்த சிலந்திகளுள் மிகப் பெரியது எனப் பேர் பெற்றது. நூதனசாலைகள் அதன் உருவைச் செய்து காட்சிக்கு வைத்தன; நூல்கள் அதனைப் படமாக வரைந்தன.

ஆயினும் சிலந்திகளை ஆராய்வோர் சிலர்க்கு ஐயம் தீரவில்லை. இரண்டாவது சுவடொன்று கிடைத்தபின் மீண்டும் ஆராய்ந்தனர். ஓட்டின் மேலுள்ள கூரிய புடைப்புகளும், காலிலிருந்து வாள்போல் நீண்ட தகடுகளும் சிலந்திக்கு உரியன அல்ல. ஸ்டைலோனூரினாவைச் சேர்ந்த ஒரு கடற்றேளின் உறுப்புகளையே ஒத்தன. 2005ஆம் ஆண்டில், மெகராக்னே சிலந்தியன்று, கடற்றேளே என்ற முடிபு வெளியாயிற்று. அக்கட்டுரையை எழுதியவர் மூவர். அவருள் ஒருவர் ஊனிக்கென்! இருபத்தைந்து ஆண்டுகளாகத் தமக்குப் புகழ் தந்த முடிபை மறுக்கும் கட்டுரையிலே அவர் தம் பெயரையும் சேர்த்துக்கொண்டார். உலகிலேயே பெரிய சிலந்தியைக் கண்டவர் என்ற பெருமை போயிற்று. உண்மையைத் தம் பெருமையினும் மேலாக வைத்தவர் என்ற பெருமை நின்றது. பின்னையதே நெடுநாள் நிற்பது என்பது நம் துணிபு.

தேள்தானா?

இத்தனையும் கூறியபின், கடற்றேள் உண்மையில் தேளோ என்று வாசகர் வினவுதல் இயல்பு. ஒற்றுமைகள் பல உள. தேளின் வயிற்றிலும் முன்னே ஏழு துண்டங்கள், பின்னே ஒடுங்கிய ஐந்து துண்டங்கள், ஈற்றிற் கொடுக்கு. இதனைக் கண்டோர் கடற்றேளே தேளின் முன்னோர் என்று நெடுங்காலம் கருதினர். ஆனால் ஒரு வேறுபாட்டை உற்று நோக்குக. தேள் கைபோல் நீட்டும் பெரிய இடுக்கி அதன் இரண்டாம் இணை உறுப்பு. தெரிகோட்டஸ் நீட்டிய பேரிடுக்கியோ முதலாம் இணை. பார்வைக்கு ஒன்று, எண்ணிப் பார்த்தால் வேறு. ஒரே தேவையை நிறைவேற்ற இரண்டு பிராணிகள் வெவ்வேறு உறுப்புகளை ஒரே வடிவாக்கிக்கொண்டன.

தேளுக்கு நெருங்கிய சுற்றம் சிலந்தி முதலியனவே என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. கடற்றேள் அக்கூட்டத்திற்கு வெளியே, அயலில் நிற்கின்றது. சிலந்தியினத்திற்கு அது எத்துணை நெருக்கம், குதிரைலாட நண்டிற்கு எத்துணை நெருக்கம் என்பதில் இன்னும் வழக்குத் தீரவில்லை. 2020இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இவ்வழக்கிற்குப் புதியதொரு சாட்சியைக் கொணர்ந்தது. பிரான்சு தேசத்திற் கிடைத்த, ஏறத்தாழ 34 கோடி ஆண்டுப் பழமையுள்ள அடெலொப்தல்மஸ் என்னும் கடற்றேளை ஊடுகதிர்களால் துருவிப் பார்த்தபோது, அதன் மூச்சுறுப்பின் மெல்லிய தகடுகளின் நடுவே அவை ஒட்டிக்கொள்ளாதபடி தாங்கும் சிறு தூண்கள் காணப்பட்டன. அத்தகைய தூண்கள் நிலத்தில் வாழும் தேளினதும் சிலந்தியினதும் மூச்சுறுப்பில் உண்டு. நீர்வாழ் பிராணியே ஆயினும், அது காற்றையும் சுவாசித்திருத்தல் வேண்டும் என்றனர்.

ஆகவே கடற்றேள் என்னும் பெயர் இரு பாதியிலும் பிழையுடையது. அது தேள் அன்று. கடலில் மாத்திரம் வாழ்ந்ததும் அன்று. பிற்காலத்தனவற்றுட் பல கழிமுகங்களிலும் ஆறுகளிலும் வாழ்ந்தன. பெயர் வழக்குப் பற்றி வந்தது; பொருளை நாம் ஆராய்ந்தே அறியவேண்டும்.

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அதனை நடைமுறையிற் காண விரும்பும் மாணவர்க்கு ஓர் எளிய வழி உண்டு. வீட்டுக்கு வந்த இறாலொன்றை எடுத்து, அதன் உணர்கொம்புகளை எண்ணுக. பின்னர், சுவர் மூலையிலுள்ள சிலந்தியைக் கைக்கண்ணாடியால் நோக்குக. அதற்கு உணர்கொம்பு ஒன்றுமே இல்லை. வாயின் முன் ஓரிணை, அதன் பின் சிறிய ஓரிணை, அப்பால் நான்கிணைக் கால்கள், ஆக ஆறிணை. மறைந்துபோன கடற்றேளின் ஓட்டின் கீழே ஹோல்ம் எண்ணிய எண்ணிக்கையும் இதுவே. 25 கோடி ஆண்டுகளுக்கு முன் மாண்ட குலத்தின் கணக்கு, நம் வீட்டுச் சுவரிலே இன்றும் நடமாடிக்கொண்டிருக்கிறது. எண்ணிப் பார்ப்பார்க்கு அது தெரியும்.